தொங்கும் பெட்டியில் ஆற்றைக் கடந்த ஊர்

முதலில் ஒரு விடுகதை.

பாலம்தான், ஆனால் அதன் மேல் வண்டி ஓடாது. படகு போல ஆட்களை ஏற்றிக்கொண்டு அக்கரை போகும், ஆனால் தண்ணீரைத் தொடாது. அது என்ன?

யோசித்துக்கொண்டே இருங்கள். விடை தெரிய வேண்டுமானால் இங்கிலாந்தின் வடமேற்கு மூலைக்குப் போகவேண்டும். அட்லஸ் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூல் துறைமுகத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? அங்கே கடலில் கலக்கும் ஆற்றின் பெயர் மெர்சி. அந்த ஆற்றோடு உள்நாட்டை நோக்கி ஏறக்குறைய 20 கிலோமீட்டர் விரலை நகர்த்துங்கள். பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கும் ஆறு, ஓர் இடத்தில் இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே இடுப்பை இறுக்கிக் கட்டியதுபோல் ஒடுங்கிவிடும். அந்த இடுக்கின் தெற்குக் கரையில் ரன்கார்ன். வடக்குக் கரையில் விட்னஸ். நம் கதை பெரும்பாலும் விட்னஸின் கதைதான். ஆனால் இரண்டு ஊர்களும் அக்கா தங்கை மாதிரி. ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொல்ல முடியாது.

நான் ஆசிரியராக இருந்தபோது வகுப்பில் உலகப் படத்தைத் தொங்கவிட்டு, "இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்பேன். "ஆறு இருக்கிறது சார்" என்று எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். சரிதான், ஆறு நூறு கிலோமீட்டர் ஓடுகிறதே, ஏன் குறிப்பாக இந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். விட்னஸுக்கும் ரன்கார்னுக்கும் விடை சுலபம். ஆற்றைக் கடக்க அதுதான் வசதியான இடம்.

ராணியும் ஓடக்காரரும்

அந்த இடுக்கின் அருமையை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் ஒரு பெண். இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆல்ஃபிரட் மன்னரின் மகள் எதெல்ஃபிளெட். வைக்கிங் கூட்டத்தார் படகுகளில் ஆற்றோடு ஏறிவந்து கொள்ளையடித்த காலம் அது. அவர்களைத் தடுக்க, 915ஆம் ஆண்டில் ரன்கார்ன் பாறைமுனையில் அவர் ஒரு கோட்டை கட்டினார். இடுக்கில் காவல் வைத்தால் ஆறு முழுவதற்கும் பூட்டுப் போட்டது போல அல்லவா?

12ஆம் நூற்றாண்டிலேயே இங்கே ஓடம் ஓடத் தொடங்கிவிட்டது. அதன்பின் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, அக்கரை போக வேண்டுமென்றால் ஓடக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். கடல் அலையின் ஏற்ற இறக்கம் ஆற்றுக்குள்ளும் வரும். காற்று பலமாக அடித்தால் ஓடம் கிடையாது. கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பாலம் கட்ட யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. தாமஸ் டெல்ஃபர்டு என்ற பெரிய பொறியாளர், 1814 வாக்கில், 1000 அடி நீளத்துக்கு இரும்புச் சங்கிலிகளில் தொங்கும் பாலம் ஒன்றுக்குத் திட்டம் போட்டார். அந்தக் காலத்தில் அது பகல் கனவு மாதிரி. பணம் கிடைக்கவில்லை, திட்டம் காகிதத்திலேயே நின்றுவிட்டது. அவர் சும்மா இருக்கவில்லை. வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின் மேல் 1826இல் வேறொரு தொங்குபாலத்தைக் கட்டி முடித்துவிட்டார். விட்னஸ்காரர்கள் மட்டும் ஓடத்திலேயே போய்க்கொண்டிருந்தார்கள்.

உப்பிலிருந்து சோப்பு

அந்தக் காலத்து விட்னஸ் என்பது வயல்களுக்கும் சதுப்பு நிலத்துக்கும் நடுவே சிதறிக் கிடந்த சில சிற்றூர்கள்தான். 1833இல் ஒரு ரயில் பாதை வந்தது. வடக்கே செயின்ட் ஹெலன்ஸ் ஊரின் சுரங்கங்களிலிருந்து நிலக்கரியை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து கப்பலில் ஏற்றுவதற்காகப் போட்ட பாதை. பக்கத்திலேயே ஒரு கால்வாயும் வந்து சேர்ந்தது. ஆற்றின் தெற்கே செஷயர் மாவட்டத்தில் பூமிக்கடியில் உப்பு கொட்டிக் கிடந்தது. ஆக, வடக்கே கரி, தெற்கே உப்பு, நடுவில் கப்பல் வரும் ஆறு.

இதைக் கண்டு 1847இல் ஜான் ஹட்சின்சன் என்பவர் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள நிலத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 22தான்! அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைபோக்கிகள் முளைத்தன.

என்ன செய்தார்கள் அங்கே? சோடா. நீங்கள் குடிக்கும் கோலி சோடா இல்லை, துணி துவைக்கும் சலவை சோடா. சோப்பு செய்ய அது வேண்டும், கண்ணாடி செய்யவும் அது வேண்டும். முன்பெல்லாம் கடற்கரைச் செடிகளையும் கடற்பாசியையும் எரித்து, அந்தச் சாம்பலிலிருந்துதான் சோடா எடுப்பார்கள். மான்செஸ்டரில் துணி ஆலைகள் பெருகியபோது சாம்பல் எந்த மூலைக்கு? அப்போது கைகொடுத்தது பிரெஞ்சுக்காரர் நிக்கோலா லெப்லான் கண்டுபிடித்த முறை. சாதாரண உப்பிலிருந்தே சோடா செய்யும் வழியை அவர் 1791இல் பதிவு செய்தார். இதற்கென்று அறிவித்திருந்த பரிசுத் தொகை அவர் கைக்கு வரவேயில்லை, பாவம்.

முறை இதுதான். உப்போடு கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்க வேண்டும். கிடைத்ததைச் சுண்ணாம்புக்கல்லும் கரியும் கலந்து உலையில் வறுக்க வேண்டும். கறுப்பாக ஒரு சாம்பல் கிடைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சினால் வெள்ளை வெளேரென்று சோடா!

உப்பைப் பற்றி நடுவில் ஒன்று. பிரிட்டனில் உப்பு வரியை 1825இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். அதனால்தான் அங்கே இந்தத் தொழில் இவ்வளவு வேகமாக வளர்ந்தது. செஷயர் உப்பு லிவர்பூல் வழியாகக் கப்பலேறி வங்காளம் வரை வந்து விற்பனையானது. ஆனால் நம் நாட்டில் அதே ஆட்சியாளர்கள் உப்பு வரியை விடவில்லை. 1930இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு எடுக்க வேண்டியிருந்தது. சரி, மெர்சிக் கரைக்குத் திரும்புவோம்.

வெள்ளைச் சோடா, கறுத்த ஊர்

ஒரு பொருளைச் செய்தால் வேண்டாத பொருளும் கூடவே வரும். அரிசி வேண்டுமென்றால் உமியும் வருமே, அதுபோல. ஏறக்குறைய 8 டன் சோடா செய்தால், கூடவே ஐந்தரை டன் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவும், 7 டன் கழிவும் வந்தன. வாயு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போனது. மழையோடும் பனியோடும் சேர்ந்து அமிலமாகக் கீழே இறங்கியது. மரங்கள் மொட்டையாயின. வேலிச்செடிகள் கருகின. இரும்புக் கதவுகளும் பூட்டுகளும் அரித்துப்போயின.

கழிவை எங்கே கொட்டுவது? ஊரைச் சுற்றித்தான். சாம்பல் நிறச் சேறு மாதிரி இருக்கும் அதற்கு அந்த ஊர்க்காரர்கள் 'கேலிகூ' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? மணம் வேடிக்கையாக இல்லை. அதில் கந்தகம் இருந்ததால் மழை பெய்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். சிறு குன்றுகளைப்போல் அது குவிந்தது.

அக்கம்பக்கத்துப் பெரிய நிலச்சுவான்தார்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய தோப்புகளும் பயிர்களும் அல்லவா கருகுகின்றன! டெர்பி பிரபு இந்தப் பிரச்சினையை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1863இல் சட்டம் வந்தது. அமில வாயுவில் நூற்றுக்கு 95 பங்கையாவது வெளியே விடாமல் பிடித்துவிட வேண்டும் என்றது அந்தச் சட்டம். ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் முதல் ஆய்வாளராக வந்தார். நீங்கள் அறிவியல் பாடத்தில் படிக்கும் 'அமில மழை' என்ற சொல்லைப் பரப்பியவர் இவர்தான்.

வாயுவை எப்படிப் பிடிப்பது? அதற்கு வழி ஏற்கெனவே இருந்தது. வில்லியம் கோசேஜ் என்பவர் 1836இலேயே ஓர் உயரமான கோபுரத்தைக் கண்டுபிடித்திருந்தார். கோபுரத்தின் உள்ளே கீழிருந்து வாயு மேலே வரும், மேலிருந்து தண்ணீர் சொட்டும். வாயு தண்ணீரில் கரைந்து அமிலமாகக் கீழே தேங்கிவிடும். இந்தக் கோசேஜ் பிறகு விட்னஸுக்கே வந்து பெரிய சோப்பு ஆலை வைத்தார்.

தேங்கிய அமிலத்தை முதலில் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹென்றி டீக்கன் போன்றவர்கள் அதிலிருந்து குளோரின் எடுத்து, சுண்ணாம்பில் ஏற்றிச் சலவைத்தூள் செய்யலாம் என்று காட்டினார்கள். சாக்கடை ஓரத்தில் தூவும் பிளீச்சிங் பவுடர் இருக்கிறதே, அதுதான். துணி ஆலைகள் வாங்கிக் குவித்தன. நேற்றுவரை வானத்துக்குப் போன புகை இப்போது பணமாகிவிட்டது!

ஆனால் குழந்தைகளே, அந்தத் தூளை அள்ளியவர்களைப் பற்றியும் கேளுங்கள். ஓர் அறையின் தரையில் சுண்ணாம்பைப் பரப்பிக் குளோரின் வாயுவை உள்ளே விடுவார்கள். சுண்ணாம்பு வாயுவைக் குடித்து முடித்ததும் ஆட்கள் உள்ளே போய் மண்வெட்டியால் அள்ளிப் பீப்பாய்களில் அடைக்க வேண்டும். மிச்ச வாயு அறைக்குள் இருக்கும். மூச்சில் போனால் ஆபத்து. அதனால் ஃபிளானல் துணியைப் பல மடிப்பாக வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குக் காகிதச் சுற்று. அந்தப் பச்சை வாயுவுக்கு அவர்கள் 'ரோஜர்' என்று ஓர் ஆளின் பெயரையே வைத்திருந்தார்கள். உப்பை அமிலத்தோடு வறுக்கும் உலையில் நின்றவர்களுக்கு வேறு துன்பம். அமிலப் புகையில் அவர்களுடைய பற்கள் அரித்துப்போயின.

அயர்லாந்து, வேல்ஸ், போலந்து, லிதுவேனியா என்று எங்கிருந்தெல்லாமோ பிழைப்புத் தேடி வந்தவர்கள் இவர்கள். 1901இல் ஊரின் மக்கள்தொகை சுமார் 28,000 ஆகிவிட்டது. ராபர்ட் ஷெரார்டு என்ற பத்திரிகையாளர் இவர்களைப் பார்த்துப் பேசி 1897இல் ஒரு புத்தகமே எழுதினார். 1863ஆம் ஆண்டுச் சட்டம் மரங்களைக் காப்பாற்ற நினைத்தது. உலைக்கு முன்னால் நின்றவரின் பல்லைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மரத்துக்குச் சொந்தக்காரர் பிரபு, பல்லுக்குச் சொந்தக்காரர் கூலிக்காரர். எனக்கு இதைப் படித்தபோது மனம் ஆறவில்லை.

1888இல் இங்கிலாந்திலேயே அழுக்கான, அழகில்லாத ஊர் என்று விட்னஸுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஊர்ச் சோடாவும் சோப்பும் சலவைத்தூளும் ஊரார் துணியையெல்லாம் வெளுத்துக்கொண்டிருந்த நேரம் அது!

பெட்டி வந்தது

இனி விடுகதைக்கு வருவோம். 1868இல் ஆற்றின் மேல் ரயில் பாலம் வந்துவிட்டது. அதன் தூண் எதெல்ஃபிளெட்டின் பழைய கோட்டை இருந்த இடத்தில் நிற்கிறது. அதனால் அவர் பெயராலும் அந்தப் பாலத்தை அழைப்பார்கள். ஓரத்தில் அப்போது நடைபாதை இருந்தது, காசு கொடுத்து நடந்தார்கள். ஆனால் குதிரை வண்டி?

சாலைப் பாலம் கட்டலாம்தான். அதிலே ஒரு சிக்கல். 1894இல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் திறக்கப்பட்டது. அது ரன்கார்ன் கரையை ஒட்டியே போகிறது. உயரமான பாய்மரக் கம்பங்களோடு கப்பல்கள் போகவேண்டும். பாலம் 75 அடிக்கு மேல் உயரமாக இருந்தாக வேண்டும். அவ்வளவு உயரத்துக்குக் குதிரை வண்டி ஏற நீண்ட சரிவுச் சாலை போடவேண்டும். செலவுக்கு எங்கே போவது?

பொறியாளர்கள் வெப்ஸ்டரும் வுட்டும் ஒரு வழி சொன்னார்கள். இரண்டு கரையிலும் உயரமான இரும்புக் கோபுரங்கள். அவற்றுக்கு இடையே மிக உயரத்தில் ஓர் உத்தரம். உத்தரத்தில் தண்டவாளம், அதில் ஓடும் சக்கரங்கள், சக்கரங்களிலிருந்து கம்பிகளால் தொங்கும் ஒரு பெரிய பெட்டி. பெட்டி சாலை மட்டத்தில் வந்து நிற்கும். வண்டியும் ஆட்களும் ஏறிக்கொண்டதும், மின்சார மோட்டார் இழுக்க, தண்ணீருக்கு மேலே மிதந்தபடி அக்கரை போகும். கப்பல் வந்தால் பெட்டி கரையில் காத்திருக்கும். உத்தரமோ கம்பத்துக்கும் மேலே.

இப்போது விடை தெரிந்துவிட்டதா? இதற்குப் பெயர் டிரான்ஸ்போர்ட்டர் பாலம்.

வீட்டில் நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு நாற்காலிகளைத் தள்ளி வைத்து, முதுகுப் பகுதிகளுக்கு இடையே ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். பழைய நூல்கண்டு ஒன்றைக் கயிற்றில் கோத்து, அதிலிருந்து நூலில் ஒரு காலித் தீப்பெட்டியைத் தொங்கவிடுங்கள். பெட்டி தரையை ஒட்டி, தொடாமல் இருக்கட்டும். இன்னொரு நூலைக் கட்டி மெதுவாக இழுங்கள். பெட்டியில் புளியங்கொட்டைகளைப் போட்டு, எத்தனை போட்டால் நடுவில் கயிறு தொய்கிறது என்று எண்ணுங்கள். அவர்களுக்கும் அதே கவலைதான். அதனால்தான் உத்தரத்தைக் கோபுர உச்சியிலிருந்து வந்த பெரிய வடங்களில் தொங்கவிட்டார்கள்.

1905 மே 29 அன்று பாலம் திறக்கப்பட்டது. கோபுரத்துக்குக் கோபுரம் 1000 அடி. நம் ரயில் பெட்டி ஒன்று ஏறக்குறைய 70 அடி. அப்படி 14 பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம்! உலகில் இந்த வகைப் பாலங்களில் இதைவிட நீளமானது கட்டப்படவே இல்லை. தொங்கும் பெட்டியின் நீளம் 55 அடி. நான்கு இரட்டைக் குதிரை வண்டிகளும் 300 பேரும் ஏறலாம். இரண்டரை நிமிடத்தில் அக்கரை! ஓடக்காரர்களின் காலம் அதோடு முடிந்தது.

திறந்து வைத்தவர் யார் தெரியுமா? சர் ஜான் புரூன்னர். பாலத்துக்கான பணத்துக்குத் துணை நின்றவரும் அவர்தான். இளைஞராக இருந்தபோது ஹட்சின்சனின் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அங்கேதான் லுட்விக் மாண்ட் என்ற ஜெர்மானிய வேதியியலாளரைச் சந்தித்தார். கேலிகூ கழிவிலிருந்து கந்தகத்தைத் திரும்ப எடுக்கும் வழியோடு விட்னஸுக்கு வந்தவர் மாண்ட். நண்பர்கள் இருவரும் 1873இல் செஷயரில் வின்னிங்டன் என்ற இடத்தில் சொந்தத் தொழில் தொடங்கினார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் சால்வேயின் புதிய முறையில் சோடா செய்தார்கள். அதில் அமிலப் புகையும் இல்லை, கேலிகூவும் இல்லை, செலவும் குறைவு. விட்னஸின் பழைய ஆலைகளால் போட்டி போட முடியவில்லை. 1890இல் ஒன்றுசேர்ந்து ஒரே நிறுவனமாகிப் பார்த்தார்கள். சலவைத்தூள் விற்ற காசில் சில காலம் தாக்குப்பிடித்தார்கள். 1920களுக்குள் லெப்லான் முறை மறைந்தே போயிற்று. தன் பழைய ஊரின் தொழிலைப் பின்னுக்குத் தள்ளியவரே வந்து அந்த ஊருக்குப் பாலம் திறந்து வைத்தார் என்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

கார்கள் பெருகியபோது பெட்டி திணறியது. காற்று பலமாக அடித்தால் நிறுத்த வேண்டும். ஒரு நடைக்குக் கொஞ்சம் வண்டிகள்தான். மற்றவை வரிசையில் நின்றன. 1961 ஜூலை 21 அன்று, வில் போல வளைந்த 1082 அடி இரும்புப் பாலம் பக்கத்திலேயே திறக்கப்பட்டது. மறுநாள் பெட்டி கடைசி நடை போயிற்று. பிறகு கோபுரங்களைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். மின்சாரம் கொடுத்த சிறு கட்டடம் மட்டும் விட்னஸ் கரையில் மிஞ்சியிருக்கிறது.

1974இல் விட்னஸும் ரன்கார்னும் ஹால்டன் என்ற ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஹட்சின்சனின் ஆலை நின்ற இடத்துக்கு ஸ்பைக் தீவு என்று பெயர். 1975 முதல் 1982 வரை அதைச் சீர்திருத்தி, மண் போட்டு மூடிப் புல்லும் மரமும் வளர்த்துப் பூங்காவாக்கினார்கள். பக்கத்தில் கோசேஜ் சோப்பு ஆலையின் பழைய அலுவலகம் இப்போது கேட்டலிஸ்ட் என்ற அறிவியல் அருங்காட்சியகம். ஊர் ரக்பி அணிக்கு இன்றும் 'கெமிக்ஸ்' என்றுதான் செல்லப்பெயர். ரசாயனக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2017 அக்டோபரில் மெர்சி கேட்வே என்ற புதிய பாலமும் வந்துவிட்டது. கட்டுவதற்கு முன்னால் விட்னஸ் பக்கத்து மண்ணைத் தோண்டிச் சோதித்துச் சுத்தம் செய்வதே அவர்களுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. ஸ்பைக் தீவில் இன்று பிள்ளைகள் பட்டம் விடுகிற, வாத்துக்கு இரை போடுகிற புல்தரைக்குக் கீழேயும் அந்தப் பழைய கேலிகூ இருக்கிறது.